தினமும் ஓடும் பழைய காருக்கு வேறு இன்ஜின்: சீரமைத்து மாற்றும் முழு வழிகாட்டி

பழைய காரையே அன்றாட வண்டியாக வைத்திருப்பவருக்கு இன்ஜின் வேலையில் முதலில் இடிப்பது நாட்கணக்குதான். இன்ஜினை இறக்கிப் பிரித்த பிறகே கிராங்க் ஷாஃப்டை, அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டை, கிரைண்டிங் செய்ய வேண்டும் என்பது தெரியவரும். கிரைண்டிங் முடிந்த பிறகே அதைத் தாங்கும் பேரிங் ஷெல்லை எந்த அளவில் வாங்குவது என்பது தெரியவரும். அந்த அளவு கடையில் இல்லையென்றால் தருவித்துக் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு வாரம் என்று தொடங்கிய வேலை இரண்டு மாதத்தில் போய் நிற்பது இப்படித்தான். ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைத் தொடாமல், அதே வகையைச் சேர்ந்த இன்னொரு இன்ஜினை வாங்கி, அதை நிதானமாகப் பிரித்துச் சீரமைத்து, எல்லாம் தயாரான பிறகு ஒரு வார இறுதியில் மாற்றிவிடும் முறையையே இங்கே விளக்குகிறேன். நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரை மனத்தில் வைத்து எழுதியது இது. டீசலுக்கும் வேலையின் வரிசை பெரும்பாலும் இதுவே. அளவுகளும் அழுத்தங்களும் வேறு.

தொடங்கும் முன் அந்த இன்ஜினுக்கான பட்டறைக் கையேடு கையில் இருக்க வேண்டும். கீழே வரும் எண்கள் பொதுவாகக் காணப்படுபவை மட்டுமே. கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

இன்ஜினுக்கு உண்மையிலேயே வேலை வந்துவிட்டதா

இழுவை இல்லை, ஆயில் குடிக்கிறது என்ற இரண்டு புகார்களை வைத்தே இன்ஜின் வேலைக்கு நாள் குறிப்பவர்கள் உண்டு. இழுவைக் குறைவுக்கு அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ வழுக்கும் கிளட்ச்சோ காரணமாக இருக்கலாம். ஆயில் குறைவதற்கு வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீல்கள் காய்ந்து இறுகிப்போனதே காரணமாக இருக்கலாம்; அவற்றைப் பல இன்ஜின்களில் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றாமலேயே மாற்றிவிட முடியும். புகையின் நிறம் ஓரளவு வழிகாட்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நிற்காத வெண்புகை என்றால் சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கணம் வந்து மறையும் நீலப் புகை பெரும்பாலும் ஸ்டெம் சீலின் வேலை. மேடேறும்போது விடாமல் வரும் நீலப் புகை பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் வேலை.

சந்தேகத்தைத் தீர்ப்பது கம்ப்ரஷன் சோதனை. இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு கம்ப்ரஷன் வரும் வரை ஸ்டார்ட்டரைச் சுழல விட வேண்டும். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜின்கள் 10 முதல் 13 பார் வரை காட்டுவது வழக்கம். சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் 15 சதவீதத்தைத் தாண்டினால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங்கும், சிலிண்டரின் உட்துளையான போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து விழுந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் விட்டுவிட்டது என்று கருதலாம்.

கம்ப்ரஸர் கிடைத்தால் இன்னும் தெளிவான வழி ஒன்று உண்டு. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சத்தில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்தி, அது எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சைலன்ஸர் வாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். ரிங்கும் போரும் போய்விட்டன என்பது உறுதியானாலோ, சூடான இன்ஜினில் ஆயில் அழுத்தம் ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.முக்கும் 0.7 பார் என்ற பழைய மெக்கானிக் கணக்குக்கு வெகுவாகக் கீழே இருந்தாலோ மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

மாற்று இன்ஜின்

‘ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்’ என்று சொல்லிப் பழைய இன்ஜின் விற்பவர்கள் கூடுதல் விலை கேட்பார்கள். ரிங், பேரிங், சீல், கேஸ்கெட் அனைத்தையும் எப்படியும் புதிதாகப் போடப் போகும் நமக்கு அந்தக் கூடுதல் விலை வீண். நாம் வாங்குவது பிளாக், கிராங்க், ஹெட் என்ற மூன்று வார்ப்புகளை மட்டுமே. அவை கெட்டுப்போயிருக்கும் வாய்ப்பு எதில் அதிகம் என்று பார்த்து விலக்கினால் போதும். அதிகச் சூட்டில் நின்றுபோன இன்ஜின், கனெக்டிங் ராட் பிளாக்கை உடைத்த இன்ஜின், மழையில் ஸ்பார்க் பிளக் துளைகள் திறந்தபடி கிடந்த இன்ஜின் ஆகிய மூன்றையும் தொட வேண்டாம். கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளமான கைப்பிடியைப் போட்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போலப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், பேரிங் தேய்ந்திருந்தால் அதன் செம்பு மினுமினுப்பு தெரியும்.

இன்ஜின் குறியீடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரே பெயரில் விற்கப்பட்ட காரில் ஆண்டுக்கு ஆண்டு கிராங்க் சென்சாருக்கான பல் சக்கரத்தின் பல் எண்ணிக்கையோ இடமோ மாறியிருக்கலாம். அப்படியானால் பிளாக் ஒன்றாக இருந்தும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. அதை ஏற்காமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சென்சார்கள், இன்டேக் மேனிஃபோல்டு, வயரிங் ஆகியவற்றைப் பழைய இன்ஜினிலிருந்தே எடுத்து மாட்டிக்கொள்வது இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும். பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண் இடம்பெறும் நாடு என்றால், எண்ணை மாற்றுவதற்கு என்ன ஆவணம் கேட்பார்கள் என்பதை வாங்கும் முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பவரிடம் ரசீது வாங்க மறந்துவிட்டால், பின்னால் எத்தனை திறமையாக இன்ஜினைக் கட்டினாலும் பயனில்லை.

பிரித்தல்

இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றி, வெளிப்புற அழுக்கைக் கழுவிய பிறகே முதல் போல்ட்டைத் தொட வேண்டும். ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளுக்கும் தனித்தனிப் பை, அதன் மேல் எழுத்து, கழற்றும் முன் ஒரு புகைப்படம் என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் இழுக்கப்போகும் வேலை இது; இன்று நினைவிருப்பது ஆறு வாரம் கழித்து இருக்காது.

ஹெட் போல்ட்டுகளை இன்ஜின் முழுவதும் ஆறிய நிலையில், ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஹெட் வெளியே வந்தவுடன் சிலிண்டரின் மேல்விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ரிங் தொடாத இடத்தில் தேயாமல் நின்ற விளிம்பு நகத்தில் தட்டினால் போர் தேய்ந்திருக்கிறது. அந்த விளிம்பை ரிட்ஜ் ரீமரால் எடுத்துவிட்டுத்தான் பிஸ்டனை மேலே தள்ள வேண்டும்; இல்லாவிட்டால் பிஸ்டனின் ரிங் பள்ளங்கள் உடையும்.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கேப்புகளும், கிராங்கைப் பிளாக்கில் பிடித்திருக்கும் மெயின் கேப்புகளும் அவற்றுக்குரிய இடத்தில் வைத்தே துளையிடப்பட்டவை. ஒன்றின் கேப்பை இன்னொன்றில் போட்டாலும், அதே கேப்பைத் திருப்பிப் போட்டாலும் வட்டம் வட்டமாக இருக்காது. எண் பொறிக்கப்படாத ராடுகளில் இணைப்புக் கோட்டின் இரு பக்கமும் ஒரே எண்ணைக் குறித்த பிறகே நட்டைத் தளர்த்துங்கள். பழைய பேரிங் ஷெல்களையும் வரிசை மாறாமல் எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் இன்ஜினின் கடந்த காலம் அவற்றில்தான் எழுதியிருக்கிறது. எல்லாமே சீராகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் இயல்பான தேய்மானம். கிராங்க் சுழலும் திசையில் கீறல்கள் என்றால் அழுக்கான ஆயில். ஒரு ராடின் ஷெல் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அந்த ராட் வளைந்திருக்கிறது.

அளத்தல்

வீட்டில் இன்ஜின் கட்டுபவர்கள் அதிகம் தவறவிடும் கட்டம் இது. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் போர் 0.1 மி.மீ. தேய்ந்திருக்கலாம், அதில் புதிய ரிங் செட் போட்டால் ஆயில் குடிப்பது நிற்காது. போர் கேஜ், வெளிப்புற மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ், நேர்விளிம்புள்ள எஃகுச் சட்டம் ஆகிய நான்கும் தேவை. இரவல் வாங்கினாலும் சரி.

ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்ற மூன்று உயரங்களில், கிராங்கின் நீளவாக்கிலும் அதற்குக் குறுக்காகவும் அளந்தால் ஆறு எண்கள் கிடைக்கும். பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்தும் குறுக்குத் திசையில், மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் உச்சத்தில் இருக்கும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசமும், இரு திசைகளுக்கும் உள்ள வித்தியாசமும் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் ஹோனிங் (கல்லால் மெல்லத் தேய்த்தல்) மட்டும் செய்து புதிய ரிங் போட்டுக்கொள்ளலாம், இரண்டில் ஒன்று 0.1 மி.மீ.யைத் தொட்டுவிட்டால் ரீபோர் (போரைக் கடைந்து பெரிதாக்குதல்) செய்வதைத் தவிர வழியில்லை. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வழக்கமாக 0.25, 0.50, 1.00 மி.மீ. என்ற படிகளில் கிடைக்கின்றன. கடைசி அளவையும் தாண்டிய பிளாக்குக்கு லைனர் (புதிய உட்குழாய்) அடிக்க வேண்டியிருக்கும். போரின் உட்சுவரில் நிக்கல் பூச்சுள்ள அலுமினியப் பிளாக்குகளைச் சாதாரண முறையில் போர் செய்ய முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கிராங்க் ஜர்னல்களையும் (பேரிங்கில் சுழலும் பகுதிகள்) அவ்வாறே இரு திசைகளில் அளக்க வேண்டும். வட்டம் 0.02 மி.மீ.க்கு மேல் கோணியிருந்தாலோ, நகத்தில் தட்டும் கீறல் இருந்தாலோ கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பில் எஃகுச் சட்டத்தை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது; பரப்பைச் சமமாகச் சீவும் ஃபேசிங் செய்ய வேண்டும். ஃபேசிங்கில் எடுத்த உலோகத்துக்கு ஏற்பக் கம்ப்ரஷன் ஏறும் என்பதால், எவ்வளவு எடுத்தார்கள் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

பட்டறை வேலை

பிஸ்டன்களை வாங்கிக் கையில் கொடுத்த பிறகே ரீபோர் செய்யச் சொல்ல வேண்டும். பெட்டியில் 0.50 என்று போட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் நூறில் ஓரிரு பங்கு மி.மீ. மாறும், நல்ல பட்டறைக்காரர் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கு உரிய இடைவெளியைச் சேர்த்து, அந்தச் சிலிண்டரை மட்டும் அதற்கேற்ப முடிப்பார். இந்த வரிசையைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் பிளாக்கைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

இரும்புப் பிளாக்கையும் கிராங்கையும் காந்தத் துகள் முறையிலும், அலுமினிய ஹெட்டைச் சாய முறையிலும் விரிசலுக்குச் சோதிக்கச் சொல்ல வேண்டும். உலோகத்தை வெட்டுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும், பின்பு அல்ல. காஸ்டிக் சோடா கலந்த கொதிநீர்த் தொட்டியில் இரும்பு பிளாக்கை இறக்கலாம், அலுமினியத்தை இறக்கக் கூடாது, அரித்துவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட் என்றால், எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைக் கடினப்படுத்திய உலோகத்தில் மாற்றிவிடுங்கள். ஈயமில்லாத பெட்ரோலில் மென்மையான பழைய சீட்டுகள் தேய்ந்து உள்ளே அமுங்கும்.

கழுவுதல்

பட்டறையிலிருந்து வந்த பிளாக் சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். அப்படியே பூட்டினால், ஹோனிங் கல்லின் பொடி புதிய ரிங்கை முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே அரைத்துத் தின்றுவிடும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கிரீஸைக் கரைக்கும். கல்பொடியைப் போரின் குறுக்குக் கோடுகளுக்குள் தங்க விட்டுவிடும். அதை வெளியே கொண்டுவருவது சுடுநீரும் துணி சோப்பும் விறைப்பான பிரஷ்ஷும்தான். தேய்த்து, அலசி, சுத்தமான வெள்ளைத் துணியால் போரைத் துடைத்துப் பாருங்கள். முதல் முறை துணி பென்சில் கரி போலச் சாம்பல் பூசி வரும். மூன்றாம் முறை லேசான நிழல் மட்டும் இருக்கும். ஐந்தாவதோ ஆறாவதோ முறைதான் துணி போன நிறத்திலேயே திரும்பும். அந்தக் கணமே உலர்த்தி ஆயில் பூச வேண்டும், ஏனென்றால் புதிதாக வெட்டிய வார்ப்பிரும்பில் சில நிமிடங்களில் செந்துரு படரத் தொடங்கிவிடும்.

பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழியான கேலரியின் அடைப்புப் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, நீண்ட பிரஷ்ஷை ஒவ்வொரு துளையிலும் நுழைத்துத் தேய்த்து, காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கிராங்கின் ஆயில் துளைகளுக்கும் இதே கவனம் தேவை. கழற்றிய பிளக்குகளை எண்ணித் தாளில் எழுதி வையுங்கள். நான் முதன்முதலாகக் கட்டிய இன்ஜினில் ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கும் கேலரிப் பிளக் ஒன்றைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். இன்ஜின் காரில் ஏறி, கியர்பாக்ஸ் பூட்டி, ஸ்டார்ட்டரை எத்தனை முறை சுழற்றியும் ஆயில் அழுத்தமானி முள் அசையவில்லை. கிளட்ச் உறையின் அடியிலிருந்து புத்தம்புது ஆயில் தாரையாக ஒழுகியது. சிறு விரல் பருமனுள்ள அந்தப் பிளக்குக்காக இன்ஜினை மறுபடியும் இறக்கினேன்.

பூட்டுதல்

பேரிங் ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் உலர்ந்திருக்க வேண்டும். ஆயில் ஷெல்லின் உட்புறத்துக்கு மட்டுமே. மேல் ஷெல்லில் உள்ள துளை பிளாக்கின் ஆயில் துளையோடு ஒன்றுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறகு ஷெல்லுக்கும் ஜர்னலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் இழை கொண்டு சோதிக்க வேண்டும். ஆயில் இல்லாத ஜர்னலின் மேல் இழையை வைத்து, கேப்பைக் கையேட்டில் உள்ள டார்க்குக்கு முறுக்கி, கிராங்கை அணுவளவும் திருப்பாமல் மறுபடி கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் உள்ள அளவுகோலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். சாதாரணக் கார் இன்ஜின்களில் அது 0.025 முதல் 0.06 மி.மீ.க்குள் வரும். இழையைத் துடைத்துவிட்டு, அசெம்பிளி ஆயில் பூசி, மெயின் கேப்புகளை ஒவ்வொன்றாக முறுக்கும்போது, ஒவ்வொரு கேப்புக்குப் பின்னும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். மூன்றாவது கேப்பை முறுக்கியதும் இறுகினால் கோளாறு மூன்றாவதில். எல்லாவற்றையும் முறுக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தால் எதில் என்று தெரியாது.

ரிங்குகளைப் பிஸ்டனில் மாட்டும் முன் ஒவ்வொன்றையும் அதற்குரிய சிலிண்டருக்குள் தனியாக நுழைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை, அதாவது சந்தின் அளவை, அளக்க வேண்டும். போர் விட்டத்தின் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 0.1 மி.மீ. என்பது மேல் ரிங்குக்குப் பொதுவான கணக்கு, 80 மி.மீ. போருக்குச் சுமார் 0.32 மி.மீ. வரும். சந்து இதைவிடக் கூடினால் கம்ப்ரஷன் சிறிதளவே குறையும், ஆனால் குறைந்தாலோ சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டிக்கொண்டு, ரிங் உடைந்து போரைக் கீறிவிடும். முனைகளை அரத்தால் உள்நோக்கி மட்டுமே அராவ வேண்டும். மாட்டும்போது எழுத்துக் குறி உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும், மூன்று ரிங்குகளின் சந்துகளும் ஒரே கோட்டில் வரக் கூடாது.

பிஸ்டனின் அம்புக்குறியை இன்ஜினின் முன்பக்கம் வைத்து, ராட் போல்ட்டுகள் கிராங்கைக் கீறாமல் இருக்க அவற்றின் மேல் ரப்பர் குழாய்த் துண்டுகளைச் செருகி, ரிங் கம்ப்ரஸரை இறுக்கி, சுத்தியலின் மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டி இறக்க வேண்டும். சட்டென்று தடைபட்டால் ஒரு தட்டும் கூடுதலாகத் தட்டக் கூடாது, ரிங் ஒன்று விளிம்பில் சிக்கியிருக்கிறது என்று பொருள். எடுத்து மறுபடி இறுக்கித் தொடங்குங்கள்.

டார்க்கும் கோணமும் சேர்த்து முறுக்கச் சொல்லும் போல்ட்டுகள் ஒருமுறை நீண்டுவிட்டால் முடிந்தது. ஹெட்டாக இருந்தாலும் ராடாக இருந்தாலும் புதியவற்றைப் போட வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, கையேடு சொல்லும் படிகளில் முறுக்க வேண்டும். போல்ட் துளையின் அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் முறுக்கும் அழுத்தத்தில் பிளாக் வெடிக்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே துளைகளை உலர்த்திவிடுங்கள். சிலிகான் பேஸ்ட்டைக் கையேடு கேட்கும் இடங்களில் மட்டும் மெல்லிய கோடாக இட்டால் போதும். உட்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் துணுக்குகள் ஆயில் சம்ப்பின் ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும்.

வால்வுகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்பதை, ஹெட்டை ஏற்றுவதற்கு முன்பே அதைக் கவிழ்த்து வைத்து, கம்பஷ்சன் அறையில் (பெட்ரோல் எரியும் குழிவில்) மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதித்துவிடலாம். போர்ட்டுக்குள் கசிந்தால் வால்வை மறுபடி லேப்பிங் (சீட்டோடு சேர்த்துத் தேய்த்தல்) செய்ய வேண்டும்.

டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், முன்பின் ஆயில் சீல்கள் ஆகியவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆயில் பம்ப்பைப் புதிதாகப் போடுவது என் வழக்கம். அது கெட்டால் மேலே செய்த எதுவும் மிஞ்சாது. குறிகளைப் பொருத்தி டைமிங் பெல்ட்டை மாட்டிய பின், ஸ்பார்க் பிளக்குகள் இல்லாத நிலையில் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் ஒன்றுகின்றனவா என்று பாருங்கள். வழியில் எங்காவது கடினமாக முட்டினால் வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. பலத்தைக் கூட்டாமல் பின்னோக்கிச் சுற்றி, குறிகளை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

மாற்றும் வார இறுதி

வெள்ளிக்கிழமை மாலைக்குள் புதிய இன்ஜின் மவுண்ட்டுகள், கூலன்ட் குழாய்கள், கிளட்ச் செட், ஆயில், கூலன்ட், ஃபில்டர்கள் எல்லாம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஏதேனும் ஒன்று குறைந்தாலும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். பழைய இன்ஜின்தான் இன்னும் ஓடுகிறதே.

இன்ஜின் ஓடும்போதே பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி அது தானாக அணையும் வரை விட்டால் குழாயில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, ஆயிலையும் கூலன்ட்டையும் வடிக்க வேண்டும். கூலன்ட்டில் உள்ள எதிலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய நஞ்சு. குழந்தைகளோ நாய் பூனைகளோ வரும் இடத்தில் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். ஏ.சி. கம்ப்ரஸரைக் குழாய்களைத் திறக்காமல் அப்படியே கழற்றி, கம்பியால் ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டால் கேஸ் நிரப்பும் செலவு மிச்சம்.

முழு உபகரணங்களுடன் நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்று 100 முதல் 150 கிலோ வரை இருக்கும். கிரேனில் தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது, எவ்வளவு சிறிய வேலையானாலும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸோடு இருந்துவிட வேண்டும். புதிய இன்ஜினைச் சேர்க்கும்போது அது முழுவதும் உள்ளே உட்காராமல் இருந்தால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் நொறுங்கும். மேனுவல் கார் என்றால் கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்தும் கருவியால் சரியாக நிறுத்திய பின்பே பிரஷர் பிளேட்டை முறுக்க வேண்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும், இரண்டையும் நேராகப் பொருத்தும் முளைகளான டவல் பின்களில் கையாலேயே சேர வேண்டும். சேராத இடைவெளியைப் போல்ட்டால் இழுத்து மூட முயல்பவர் கிளட்ச் தட்டையோ கியர்பாக்ஸ் உறையையோ உடைப்பார்.

பழைய இன்ஜின் பேரிங் உடைந்து நின்றது என்றால் ஆயில் கூலரைக் கழுவி நம்ப வேண்டாம், மாற்றிவிடுங்கள். உலோகத் துகள் அதன் மடிப்புகளில் ஒளிந்திருக்கும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது எர்த் ஸ்ட்ராப். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான இந்தப் பின்னல் கம்பியை மாட்ட மறந்தால், ஸ்டார்ட்டர் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடி ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ கிளட்ச் கேபிள் வழியாகவோ பாயும். சில வினாடிகளில் கேபிளிலிருந்து புகை வரும்.

முதல் ஸ்டார்ட்

ஸ்பார்க் பிளக்குகளைப் போடாமல், பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து வைத்து, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து வினாடிகளாகச் சுழற்றி ஆயில் அழுத்தம் ஏறுவதை அழுத்தமானியில் பார்க்க வேண்டும். டாஷ்போர்டு விளக்கை மட்டும் நம்பாமல், சென்சார் துளையில் சாதாரண அழுத்தமானி ஒன்றைத் தற்காலிகமாகப் பூட்டிக்கொள்வது மேல். அழுத்தம் ஏறிய பிறகே பிளக்குகளைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வைத்துக் கூலன்ட்டில் சிக்கிய காற்றை வெளியேற்றி, அளவு இறங்கினால் நிரப்ப வேண்டும்.

பழைய பாணி ஃபிளாட் டாப்பெட் (உருளை இல்லாத, தட்டையான டாப்பெட்) கேம் ஷாஃப்ட் புதிதாகப் போட்டிருந்தால், துத்தநாகச் சேர்க்கையுள்ள ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் ஆன உடனே சுமார் 2000 ஆர்.பி.எம்.மில் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். ஐடிலிங்கில் விட்டால் கேம் மேடுகள் தேயும். ரோலர் டாப்பெட் கொண்ட இன்ஜின்களுக்கு இந்தச் சடங்கு தேவையில்லை. கசிவுகளைப் பார்த்துவிட்டுச் சூடானதும் சாலைக்கு எடுத்துச் செல்லலாம்.

ரன்னிங் இன்

புது இன்ஜினை மெதுவாக, பூப்போல ஓட்ட வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ரிங்குகளைப் பொறுத்தவரை அது தவறு. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதைப் போர்ச் சுவரோடு அழுத்தும்போதுதான் இரண்டும் ஒன்றுக்கொன்று செட் ஆகின்றன. மணிக்கணக்கில் ஐடிலிங்கிலும் மிதவேகத்திலும் ஓட்டினால் ஹோனிங் கோடுகளில் ஆயில் வெந்து கண்ணாடிப் பூச்சாகி, பிறகு ரிங் செட் ஆகவே ஆகாது. முதல் ஓட்டத்தில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 80 வரை நிதானமான அழுத்தத்தோடு ஏற்றி, ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரிலேயே வேகம் தானாக இறங்க விடுவதைப் பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள். அடுத்த சில நூறு கிலோமீட்டர் வரை உச்ச ஆர்.பி.எம்., நெடுநேரம் ஒரே வேகம், முழுச் சுமை ஆகிய மூன்றையும் தவிர்த்தால் போதும். இந்தக் காலத்துக்குச் சாதாரண மினரல் ஆயிலே ஏற்றது.

ஆயிலையும் ஃபில்டரையும் முதல் 50 அல்லது 100 கி.மீ.யிலேயே மாற்றிவிட வேண்டும், அடுத்து 800 கி.மீ.யில், அதன் பிறகு வழக்கமான இடைவெளியில். கழற்றிய முதல் ஃபில்டரை ரம்பத்தூள் விழாதபடி தகரக் கத்தரியால் வெட்டி, உள்ளே உள்ள காகித மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும். மிக நுண்ணிய சாம்பல் மினுமினுப்பு இருந்தால் அது ரிங்கும் போரும் செட் ஆனதன் அடையாளம். காந்தத்தில் ஒட்டும் செதில்களோ செம்பு நிறத் துணுக்குகளோ தென்பட்டால் வண்டியை அங்கேயே நிறுத்தி ஆயில் சம்ப்பை இறக்கிப் பார்க்க வேண்டும். சுமார் 1000 கி.மீ.யில் வால்வு கிளியரன்ஸைச் சரிபார்த்து, கையேடு கேட்டால் மட்டும் ஹெட் போல்ட்டுகளை மறுமுறுக்கு முறுக்குங்கள்.

இறக்கிய பழைய இன்ஜினை உடனே விற்றுவிட வேண்டாம். புதியதில் ஏதேனும் சிறு பிராக்கெட்டோ சென்சாரோ போல்ட்டோ குறைவது முதல் மாதத்தில்தான் தெரியவரும். அதுவரை ஸ்பார்க் பிளக் துளைகளில் சிறிது ஆயில் விட்டு, திறந்த வாய்களை அடைத்து, ஓரமாக வைத்திருங்கள்.